ஓடியதை யாரும் பார்க்கவில்லை

12 மார்ச் 1985, செவ்வாய்

செம்பூர் கம்ப்யூட்டர் வகுப்பில் இருப்பது, எண் பொத்தான்களும் சிவப்பு எண்கள் தெரியும் சின்னத் திரையும் உள்ள ஒரே ஒரு பலகை. எப்போதும் பையன்கள்தான் பொத்தான்களை அழுத்துவார்கள். நான் நோட்டைப் பார்த்து ப்ரோக்ராம் எண்களை வாசிப்பேன். இன்றுதான் முதல் முறையாகத் தனியாக உட்கார்ந்தேன். ஐந்து எண்களை வரிசைப்படுத்தும் ப்ரோக்ராமை ஓட்டிக் காட்டினால் சார் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தருவார். இன்று கடைசி நாள்.

ஒரு மணி நேரம் நோட்டில் இருந்ததை ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஓடியது. ஐந்து எண்களும் சிவப்பாக, சரியான வரிசையில் வந்தன. சாரைக் கூப்பிட வாயெடுத்தேன், ஆனால் தயங்கி இன்னொரு தடவை எண்களைச் சரிபார்த்தேன். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். கரண்ட் போனால் அந்தப் பலகையில் ஏற்றியதெல்லாம் அழிந்துவிடும்.

"ஓடிச்சு சார்," என்றேன் அப்போதுதான்.

"எங்கே, காட்டும்மா."

காட்ட எதுவும் இல்லை.

"ஏட்டி, மொதல்லயே கூப்பிட்டா என்ன? வாயில பான் வச்சிருந்தியா?" என்றாள் என்னோடு படிக்கும் ஃபாத்திமா.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "கம்ப்யூட்டரு ஒன் சொல்பேச்சு கேட்டுச்சாட்டி?"

"கேட்டுச்சுப்பா."

"அப்போ வேல கெடச்ச மாதிரிதான்," என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் வேலை செய்யும் தோல் பட்டறை முழுக்க எனக்கு வேலை கிடைத்துவிட்டதென்று சொல்லிவிடுவார்.