பிரேக்கின் மேல் ஒரு கால்

பிப்ரவரி 12

இன்று முதல்முறையாக லேத்தை, அந்த இரும்பு கடையும் மெஷினை, நானே ஓட்டினேன். லிவரைத் தூக்கியதும் இரும்பு சுழன்றது. டூல் தொட்ட இடத்தில் ஆரஞ்சுத் தோல் மாதிரி உரிந்து வந்தது. சுருள் முதலில் வெள்ளை, அப்புறம் வைக்கோல் நிறம், கடைசியில் நீலம்! இரும்பை வெட்டினால் நீலம் வரும் என்று இந்த முப்பத்தோரு வயதுவரை யாருமே எனக்குச் சொல்லவில்லை. கோழிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவளுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

"வாயை மூடு நெவ்யானா, சுருள் உள்ள போயிடும்" என்றார் ஸ்பாஸ் அண்ணன். எங்கள் தொழிற்பள்ளி வகுப்பில் நாற்பதைத் தாண்டிய ஒரே ஆள் அவர்தான். செவ்லியேவோ ஊருக்குப் போகிற பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த பஸ்ஸையே நிறுத்திவிட்டார்கள், இங்கே வந்து சேர்ந்துவிட்டார்.

பிப்ரவரி 20

கடைந்த துண்டை மைக்ரோமீட்டரில் அளந்தேன். அளவு கச்சிதம். பென்கோவா டீச்சர் அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வந்து அள" என்றார். திரும்பி வந்தால் சின்னதாகியிருந்தது. வெட்டிய சூட்டில் பெருத்து, ஆறியதும் சுருங்கிவிட்டது. நாம் பார்க்காதபோது இரும்புகூட மூச்சு விடுகிறது! வீட்டில் கரண்டியைப் பார்த்தால்கூட இப்போது மரியாதை வருகிறது.

ஏப்ரல் கடைசியில் செய்முறைத் தேர்வு. அடி மூடிய ஒரு இரும்புக் குழலை, புஷ்ஷை, தருவார்கள். அதற்குள் இறங்குகிற தண்டை, ஷாஃப்ட்டை, கடைந்து காட்ட வேண்டும். ஒரு தலைமுடியை ஏழாய்ப் பிளந்தால் வரும் அளவுதான் பிழைக்கு இடம். தவறினால் இரண்டாம் ஆண்டு கிடையாது. எனக்குத் திரும்பக் கோழிக்கடைதான்.

மார்ச் 1

காலையில் என் மகன் யாவோர் என் மணிக்கட்டில் மார்த்தெனிட்சா கட்டிவிட்டான். மார்ச் முதல் தேதிக்கென்று பள்ளியில் அவனே முறுக்கிய சிவப்பு வெள்ளைக் கம்பளி நூல். குஞ்சம் மட்டும் ஏக தடிமன். நாரை கண்ணில் படும்வரை, அல்லது ஒரு மரமாவது பூக்கும்வரை, கழற்றக்கூடாது. கழற்றினால் வருடம் விளங்காது.

பட்டறை வாசலில் பென்கோவா மறித்துக்கொண்டு நின்றார். "நூல் எல்லாம் வெளியே. பையில கட்டுங்க, ஜன்னல்ல கட்டுங்க, எனக்கென்ன. லேத்துக்கு மார்ச் மாசம் தெரியாது." எல்லோரும் முணுமுணுத்தார்கள். ஸ்பாஸ் அண்ணன் பல்லால் அவிழ்த்து ஜன்னல் கம்பியில் கட்டினார். "நாரை வேணும்னா இங்க வந்து பாத்துக்கட்டும்."

பென்கோவா என்னைக் கேட்டார். "கழட்டிட்டேன் டீச்சர்" என்றேன். சட்டைக் கைக்குள் இருந்தது.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. காலையில் விசைக் கணக்குப் போடுகிறேன், மத்தியானம் நாரைக்குப் பயப்படுகிறேன். ஆனால் வேறு எந்த வருடம் விளங்காவிட்டாலும் பரவாயில்லை – இந்த வருடம் விளங்க வேண்டும்.

மார்ச் 6

கை இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஷாஃப்ட்டின் மினுமினுப்பைப் பார்க்கக் குனிந்தேன். சட்டைக்கை பொத்தான் எப்போது கழன்றதோ தெரியாது. குஞ்சம் வெளியே வந்து சுழலும் இரும்பில் சுற்றிக்கொண்டது. இழுத்தது. கத்தக்கூட நேரமில்லை. முழங்கை மடங்கி, முகம் கிட்டப் போய் – நின்றது. எல்லாம் நின்றது. ஸ்பாஸ் அண்ணன் பக்கத்து லேத்திலிருந்து பாய்ந்து வந்து, கீழே இருந்த பிரேக்கை மிதித்துவிட்டார். நூல் அறுந்து தொங்கியது. மணிக்கட்டைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு கோடு.

"இருபது வருஷம் பஸ் ஓட்டின கால்" என்றார். "யாராவது குறுக்க வந்தா அதுவா போயிடும்."

பென்கோவா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "நூல் கட்டுனதுக்கு ஒண்ணுமில்ல நெவ்யானா. கழட்டிட்டேன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னே பாரு." மார்ச் முடியும்வரை நான் எந்த மெஷினையும் தொடக்கூடாது.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டி பொய் சொன்னே? யாரை ஏமாத்தினே?

அந்த லேத்துக்குக் கோபமே இல்லை, அதுதான் நெஞ்சை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இரும்பை உரித்த அதே அமைதியோடு என்னையும் உரித்திருக்கும்.

மார்ச் 7

யாவோரிடம் சொன்னேன். அழுவான் என்று நினைத்தேன். யோசித்துவிட்டு, "அதுவா அறுந்துச்சுதானே? நீ கழட்டலையே? அப்ப பரவாயில்ல" என்றான். அவனுக்குத் தெரியாமல் சமையலறையில் நான்தான் அழுதேன்.

மார்ச் 8

மகளிர் தினம். ஆண்கள் எல்லோரும் பூ கொடுத்தார்கள். பென்கோவா துடைப்பம் கொடுத்தார்.

மார்ச் 24

நாரை வந்துவிட்டது. தெருவில் எல்லோரும் நூலை அவிழ்த்துப் பிளம் மரத்தில் கட்டினார்கள். எனக்கு அவிழ்க்க ஒன்றுமில்லை.

ஏப்ரல் 2

தண்டனை முடிந்தது. லேத் முன்னால் போய் நின்றேன். லிவரில் கை வைத்தேன். தூக்க முடியவில்லை. கை என் கையே இல்லை. வகுப்பு முடியும்வரை அப்படியே நின்றேன். எவ்வளவு ஆசைப்பட்ட மெஷின்.

ஏப்ரல் 3

இன்றும் இல்லை.

ஏப்ரல் 4

ஸ்பாஸ் அண்ணன் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவை மென்றுகொண்டே வந்து என் லேத்துக்குப் பக்கத்தில் நின்றார். வலது காலைத் தூக்கி பிரேக்குக்கு மேலே வைத்துக்கொண்டார். "ஓட்டு. பயணி ஏறியாச்சு, டிரைவர்தான் தூங்குறாங்க."

"உங்க வேலை?"

"என் ஷாஃப்ட் எங்க ஓடிப்போகுது?"

குனிந்து அவர் கால் இருக்கிறதா என்று பார்த்தேன். லிவரைத் தூக்கினேன். அந்தச் சத்தம் வந்ததும் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஆனால் சுருள் வந்தது. நீலமாக, முன்பு போலவே. பிசாசே, இவ்வளவு அழகாக இருந்து தொலைக்காதே!

ஏப்ரல் 15

தினமும் இதேதான். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் காலைப் பார்க்கிறேன். தேர்வன்றும் பக்கத்தில் ஆள் நிற்கலாமா என்று பென்கோவாவைக் கேட்டேன். "நிக்கலாம். வேலையைத் தொடக்கூடாது" என்றவர், ஸ்பாஸ் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். "அவர் கால் வலிக்கு நான் பொறுப்பில்ல."

ஏப்ரல் 26

தேர்வு. குனிந்து காலைப் பார்த்துக்கொண்டு தொடங்கினேன். அதற்குப் பிறகு எனக்கு நேரமே தெரியவில்லை. வெட்டு, ஆறவிடு, அள. மறுபடி வெட்டு. கடைசித் தடவை டூலை நகர்த்தினேனா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு நகர்த்தினேன். தூசிபோல ஏதோ உதிர்ந்தது. நிறுத்தினேன்.

பென்கோவா எண்ணெய் தடவி ஷாஃப்ட்டைப் புஷ்ஷின் வாயில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார். அது விழவில்லை. மாட்டிக்கொள்ளவும் இல்லை. உள்ளே இருந்த காற்றின் மேல் உட்கார்ந்து, காற்று கசியக் கசிய, தன் எடையிலேயே மெதுவாக இறங்கியது. சத்தமே இல்லாமல். கோயிலில்கூட நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை. அந்த இரண்டு இரும்புக்கும் நடுவில் நான் விட்டுவைத்த இடம் அது. கண்ணுக்கே தெரியாத இடம்!

"அடுத்தது யாரு?" என்றார் பென்கோவா. எனக்கு அது போதும்.

பார்த்தீர்களா அண்ணே என்று திரும்பினேன். பக்கத்தில் யாருமில்லை. ஸ்பாஸ் அண்ணன் பட்டறையின் அந்தக் கோடியில், ஜன்னலோரம் உட்கார்ந்து பனிட்சா தின்றுகொண்டிருந்தார்.

"எப்ப போனீங்க?"

"நீ ரெண்டாவது வெட்டு ஆரம்பிச்சப்பவே" என்றார். "பசிச்சுது."