யுவஸ்ரீ வாங்கிக் கொடுத்த ஏர் ஃபில்டர்

3 ஜூன் 2025, செவ்வாய்

வேலை முடிந்து வந்தபோது கட்டில் மேல் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. யுவஸ்ரீக்கு முதல் சம்பளம் வந்திருக்கிறது. அம்மாவுக்குச் சேலை. எனக்கு ஏர் ஃபில்டர்.

நம் காருக்குத்தான். உள்ளே இருக்கும் காகித ஃபில்டரைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டுமாம். துணியில் செய்தது, சிவப்பு நிறம். கழுவிக் கழுவி ஆயுசுக்கும் போடலாமாம். வண்டி பறக்குமாம்.

"நாகரசம்பட்டிக்குப் போறப்பல்லாம் சூளகிரி மேட்டுல இழுக்கல, இழுக்கலன்னு புலம்புறீங்களேப்பா, அதான்" என்றாள். புலம்பியது உண்மைதான். அதைக் காதில் வாங்கிக்கொண்டாள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

நான் ஓசூரில் ஏர் ஃபில்டர் செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். இது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வாங்கினாளோ என்னவோ.

"எப்டிப்பா இருக்குது?"

"நல்லா செவப்பா இருக்குது" என்றேன். அவள் அம்மா சம்பங்கி, புதுச் சேலையை மடித்துக்கொண்டே என்னை முறைத்தாள்.

5 ஜூன், வியாழன்

இன்னும் மாட்டவில்லை. நேரமில்லை என்று சொல்லியிருக்கிறேன். பத்து நிமிட வேலை என்று அவளுக்குத் தெரியும், வீடியோ பார்த்திருக்கிறாள்.

8 ஜூன், ஞாயிறு

மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். துணி வழியாகப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது. கம்பெனிக்கு வரும் ஃபில்டர் காகிதத்தில் இப்படித் தெரிந்தால் அந்த ரோலை லாரியிலிருந்து இறக்கவே விடமாட்டேன்.

எங்கள் உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூர் போய்ச் சேர்வதற்குள் முன்னால் நான்கு ஜல்லி லாரி, பின்னால் நான்கு. தினமும் காலையில் அவளைப் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸுக்கு அந்தப் புழுதியில்தான் கொண்டுபோய் விடுகிறேன். இந்தத் துணியை நம்பினால் இன்ஜின் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

செகண்ட் ஹேண்ட் வண்டிதான். ஆனாலும் கூலி வேலைக்கே நடந்து போன எங்கள் வம்சத்தில் முதல் கார். சரி, அதே வம்சத்தில் ஒரு பிள்ளை தன் சம்பளத்தில் அப்பனுக்கு என்று யோசித்து ஒன்று வாங்கியதும் இதுதான் முதல் தடவை. மாட்டினால் இன்ஜின் போகும். மாட்டாவிட்டால் அவள் முகம் வாடும். என்ன செய்ய?

கம்பெனி டெஸ்ட் மெஷின் சொல்லட்டும். புதன்கிழமை லேபில் கோபி டியூட்டி.

11 ஜூன், புதன்

பெரிய தப்பு செய்துவிட்டேன்.

முதலில் டெஸ்ட். சாப்பாட்டு நேரத்தில் கோபி அதைத் தூசு விட்டுச் சோதிக்கும் பெஞ்சில் ஏற்றிக் கொடுத்தான். நூறு கிராம் தூசு விட்டோம். எங்கள் ஃபில்டர் தாண்டவிடுவது அரை கிராம். இது மூன்று கிராமுக்கு மேல் விட்டது. காற்று தாராளமாகப் போகிறது, அதை மறைக்கக் கூடாது. தூசும் தாராளமாகப் போகிறது. "யாரு மாமா சப்ளையரு, இவ்ளோ மோசமா?" என்றான் கோபி.

எங்கள் கேட்டில் சீட்டு இல்லாமல் ஒரு ஸ்குரூகூட வெளியே போகாது. டெஸ்ட்டில் தேறாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு எழுதிக் கட்டினால்தான் செக்யூரிட்டி விடுவான். எழுதினேன். கை பழக்கத்தில் ஓடியது.

பொருள்: ஏர் ஃபில்டர். முடிவு: ரிஜெக்ட். காரணம்: தூசு தடுக்கும் திறன் போதாது. சப்ளையர் பெயர்: யுவஸ்ரீ. சப்ளையர் மீது நடவடிக்கை என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விட்டதாக எனக்குச் சரித்திரமே இல்லை. 'எச்சரிக்கை' என்பதில் டிக் அடித்தேன். கீழே கையெழுத்து, தேதி.

கேட்டைத் தாண்டியதும் சீட்டைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வீட்டில் டிபன் பாக்ஸை எடுக்கப் பையைத் திறந்தது சம்பங்கி இல்லை, யுவஸ்ரீ.

நின்றபடியே முழுசாகப் படித்தாள். "என்னையே ரிஜெக்ட் பண்ணிட்டீங்களாப்பா?" என்றாள். "ஒன்னய இல்லம்மா, ஃபில்டரைத்தான்" என்றேன். "எச்சரிக்கை யாருக்கு? ஃபில்டருக்கா?"

முட்டாளே, பெற்ற பெண்ணா உனக்குச் சப்ளையர்?

12 ஜூன், வியாழன்

அஞ்சரை மணி டவுன் பஸ்ஸில் போய்விட்டாள். காரை வெறுமனே ஓட்டிக்கொண்டு போனேன்.

13 ஜூன், வெள்ளி

இன்றும் பஸ்தான்.

15 ஜூன், ஞாயிறு

மாட்டிவிட்டேன்.

சம்பங்கி காலையில் கேட்டாள்: "ஏங்க, மக பேசணுமா, இன்ஜின் நல்லா இருக்கணுமா? ஒன்னச் சொல்லுங்க." இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாலு நாளாக அந்தப் பெண் "சாப்ட்டீங்களா" என்றுகூட என்னைக் கேட்கவில்லை. சோறு இறங்கவில்லை.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "நல்லா இழுக்குதும்மா" என்றேன். சத்தம்தான் அதிகமாகியிருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் நான் கொடுத்த முதல் பொய் ரிப்போர்ட்.

"ம்" என்றாள்.

16 ஜூன், திங்கள்

காரில் வந்தாள். பாகலூர் ஜங்ஷன் டிராஃபிக் பற்றிக்கூட இரண்டு வார்த்தை பேசினாள். எனக்கு அது போதும்.

22 ஜூன், ஞாயிறு

ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குப் போகும் பைப்புக்குள் தினமும் வெள்ளைத் துணி விட்டுத் துடைத்துப் பார்க்கிறேன், அவள் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து. தினமும் துணியில் மாவு மாதிரி தூசு. துடைத்தால் கொஞ்சமாவது குறையும் என்று ஓர் ஆறுதல். குறையாது. தெரிந்தேதான் துடைக்கிறேன்.

29 ஜூன், ஞாயிறு

இன்று அவள் சீக்கிரம் குளித்துவிட்டாள்.

போனட்டுக்குள் நான் கையை விட்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றாள். துணியைக் கேட்டாள். கொடுத்தேன். வெயிலில் விரித்துப் பார்த்தாள். "எத்தன நாளா இது?" "மாட்டுனதுலருந்து." வேறு எதுவும் கேட்காமல் உள்ளே போனாள். ஐயோ, மறுபடியும் பஸ்தான் என்று நினைத்தேன்.

ஜன்னல் வழியாக ஃபோன் பேசுவது கேட்டது. விற்றவர்களைப் பிடித்திருக்கிறாள். முதலில் கன்னடத்தில் ஆரம்பித்துத் தெலுங்குக்குப் போனாள். அங்கே பேசியவன் தமிழ்க்காரன் என்று தெரிந்ததும் குரல் உயர்ந்தது.

"சார், எங்கப்பா இருபத்திரண்டு வருஷமா இதே வேலையா இருக்காரு. அவரு ஆகாதுன்னா ஆகாது. நீங்க எனக்கு வெளக்க வேணாம்."

அவன் ஏதோ கேட்டான் போலிருக்கிறது.

"ஆகாதுன்னு தெரிஞ்சும் ஏன் மாட்டுனாருன்னா… நான் வாங்கிக் குடுத்தேன்னு சார். நான் பேசலன்னு."

உடனே மறுபடி சண்டைக்குப் போனாள்.

திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். அரை மணி நேரம் விடாமல் கேட்டாள். நான் போனட்டைக்கூட மூடாமல் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.