சேறு படாத ஷூ

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை நீங்கள் சொல்லி நான் நம்புவதாக இல்லை.

சர்க்கரைக்காக டாக்டர் சொன்னபடி காலையில் நடக்கப் போவதாகத் தினமும் படம் அனுப்புகிறீர்கள். இந்த மழையிலும் ஷூவில் ஒரு பொட்டுச் சேறுகூட இல்லையே, எப்படி? "போட்டோ எடுத்ததும் அப்பா ஷூவைக் கழட்டிடுவாரும்மா" என்று மகள் உளறிவிட்டாள். அவளைத் திட்டாதீர்கள்.

போன வாரம் நான் வேலை பார்க்கும் ஹோட்டலின் சமையல்காரர் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தார். பயப்படாதீர்கள், பிழைத்துக்கொண்டார். முற்றிப்போன சர்க்கரையாம். ஆம்புலன்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல சொல்லிடாதீங்கம்மா, நல்லா இருக்கேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். அன்றிலிருந்து நீங்கள் "நல்லா இருக்கேன்" என்றாலே எனக்குத் திக்கென்கிறது. டாக்டர் உங்களிடம் உண்மையில் என்னதான் சொன்னார்?

இனிப்பையும் எண்ணெயில் பொரித்ததையும் விட்டுவிடுங்கள். இங்கே நாள் முழுக்கத் தலையணை உறைதான் துவைக்கிறேன். உங்களுடையது ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். நாளை முதல் நடக்கும்போதே எனக்குப் போன் போடுங்கள். பேசக்கூட வேண்டாம். உங்களுக்கு மூச்சு வாங்குவது காதில் விழுந்தால்தான் நம்புவேன். அதைக் கேட்டுக்கொண்டே நானும் வேலைக்கு நடந்து போவேன்.

சலவை மெஷின் நின்றுவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மனைவி