ஏழுமலையின் சுளுக்கு

12 நவம்பர் 1991, செவ்வாய்

ஏழுமலை இன்னிக்கு என்மேல கோபமா போயிட்டார். போகட்டும்.

பிரஸ் லைன்ல, தகடு அழுத்துற கனமான இரும்பு அச்சை, டைன்னு சொல்வாங்க, தூக்கி மாட்டுறவர். அடிக்கடி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, நான் நர்ஸா இருக்கிற மெடிக்கல் ரூமுக்கு வருவார். நானும் ஒவ்வொரு தடவையும் ரிஜிஸ்டர்ல சுளுக்குன்னு எழுதி, தைலம் தடவி அனுப்புவேன். எங்க கம்பெனியில யார் முதுகு வலிச்சாலும் அது சுளுக்குதான். ரெண்டு நாள்ல சரியாயிடும், ரிஜிஸ்டர்ல.

இன்னிக்கு எக்ஸ்ரேயோட வந்து வலி மாத்திரை கேட்டார். தாம்பரத்து டாக்டர் சீட்டுல தெளிவா எழுதியிருந்தார்: முதுகெலும்பு டிஸ்க் தேய்மானம், பாரம் தூக்கக் கூடாது. அதை அப்படியே ரிஜிஸ்டர்ல ஏத்தினேன். மனுஷன் பதறிட்டார். குனிஞ்ச முதுகோட நின்னு கெஞ்சினார்.

"இன்னா சிஸ்டர் இது? சுளுக்குன்னே போடுங்க. தேஞ்சிபோச்சுன்னு தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. மூணு புள்ளைங்க கீதுங்க."

சத்தம் கேட்டு பர்சனல் ஆபீசர் வந்துட்டார். "அவரே சுளுக்குன்னு சொல்றார். உங்களுக்கு என்னம்மா வந்தது? எழுதினதை அடிங்க."

"சுளுக்குன்னு எழுதினா நாளன்னிக்கே மறுபடி டை தூக்க விடுவீங்க சார். அடிக்க மாட்டேன். வேணும்னா நீங்க அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

பேனாவை நீட்டினேன். அவர் வாங்கலை.

யாருக்கு வேலை போகும், அவருக்கா எனக்கா, தெரியலை. நாளைக்கு ஏழுமலை வந்து திட்டுவார். திட்டட்டும். நல்லா நிமிர்ந்து நின்னு திட்டட்டும்.