என் தங்கை வண்டி நின்ற பக்கம்

மார்ச் 4

மாநகராட்சி மன்றக் கூட்டத்துக்கான தாள்கள் இன்று வந்தன. ஐந்தாவதோடு நின்ற படிப்புதான். ஆனாலும் ஒரு தாளையும் படிக்காமல் நான் கூட்டத்துக்குப் போனதில்லை. எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து, வாய்விட்டுப் படிப்பேன். மருமகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இன்று ஒரு இடத்தில் விரல் நின்றுவிட்டது. சந்தைத் தெருவில் நிற்கும் காய்கறி வண்டிகள் அத்தனையையும் பஸ் பணிமனைக்குப் பின்னால் கட்டியிருக்கும் கொட்டகைக்கு மாற்றுவதாம். என் வார்டு. என் தெரு. நானும் தங்கையும் அங்கே காய் விற்றுத்தான் பிள்ளைகளை ஆளாக்கினோம். அவள் இன்னும் விற்கிறாள்.

சாயங்காலம் போனேன். எனக்கு முன்னால் சேதி போயிருந்தது. தங்கை தக்காளியைத் துடைத்து அடுக்கிக்கொண்டே தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "எங்க அக்கா நாற்காலியில இருக்குற வரைக்கும் எவன் வந்து நம்ம வண்டிய நகத்துவான்? போய் வேலையப் பாருங்கடி!"

கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 7

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வார்டுச் சங்கதியோ, அந்த வார்டு உறுப்பினரை மேயர் முதலில் கேட்பார். அவர் வேண்டாம் என்றால் வேறு யாரும் கை தூக்க மாட்டார்கள். நாளைக்கு அவரவர் வார்டுக்கும் அதே மரியாதை வேண்டுமே.

எழுந்து "வேண்டாம்" என்றேன். ஒரே சொல். தள்ளிவைத்தார்கள். தெருவில் என்னைத் தோளில் தூக்காத குறை.

மார்ச் 16

எப்படி எழுதுவது.

தையல்காரர் சம்சாரம் போய்விட்டாள். தெருவின் நடுவே ஒரு மாடியில் குடியிருந்தார்கள். காலையில் நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் முனை வரை வந்தது. உள்ளே நுழைய வழியில்லை. இரண்டு பக்கமும் வண்டிகள், நடுவில் ஜனம். தள்ளு, தள்ளு என்று எல்லோரும் கத்தினோம் — யார் எங்கே தள்ளுவது? கடைசியில் என் தங்கைதான் தன் வண்டியிலிருந்த தக்காளி முழுவதையும் ரோட்டில் கவிழ்த்துவிட்டு, அவளை அதில் கிடத்தி முனை வரை தள்ளிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை என்றார்களாம்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என்னிடம் வந்தார். "நீங்கதானம்மா இந்த வார்டு கவுன்சிலரு? ஒரு வண்டி நொழையிற அளவுக்காவது வழி பண்ணிக் குடுங்களேன்."

அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

மார்ச் 17

விதி என்கிறார்கள். அது மட்டும் அந்தத் தெருவுக்குள் எப்படித் தாராளமாக நுழைந்ததோ.

நான் அன்றைக்குச் சரி என்று சொல்லியிருந்தாலும் அதற்குள் வண்டிகள் நகர்ந்திருக்காது. தெரியும். ஆனாலும் வேண்டாம் என்ற வாய் இதுதானே?

தங்கையிடம் பேச்சை எடுத்தேன். "ஒரு உசுரு போச்சுன்னு எத்தன வீட்டு அடுப்ப அணைக்கப் போற?" என்றாள். அவள் புடவையில் தக்காளிக் கறை இன்னும் போகவில்லை.

மார்ச் 21

கொட்டகையைப் போய்ப் பார்த்தேன். தகரக் கூரை. உள்ளே நின்றால் தலை வெந்துவிடும். குழாய் இல்லை, கக்கூஸ் இல்லை, பணிமனைக்குக் காலி பஸ்தான் வருகிறது, ஆளை ஏற்றி வரும் பஸ்ஸும் இல்லை. காய் வாங்க யார் வருவார்கள், காக்காயா?

மேயரிடம் சொன்னேன். "எல்லாம் வந்துடும்மா, மொதல்ல நீங்க சரின்னு சொல்லுங்க" என்றார். பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடை.

பக்கத்து வார்டு உறுப்பினர் முன்பு வாத்தியாராக இருந்தவர். அவர்தான் ஒரு யோசனை சொன்னார்: தெருவில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் என்ன? பாதிப் பேராவது பிழைப்பார்கள்.

மார்ச் 24

பொறியாளர் வந்து அளந்தார். ஒரு பக்கம் போதுமாம். மருந்துக்கடைப் பக்கமா, பள்ளிக்கூடச் சுவர்ப் பக்கமா?

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. எதுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு ஒன்றுதான்.

தங்கை வண்டி நிற்பது சுவர்ப் பக்கம்.

மார்ச் 28

மன்றத்தில் எழுந்து "பள்ளிக்கூடச் சுவர்ப் பக்கம்" என்றேன். மேஜையைத் தட்டினார்கள். "சொந்தத் தங்கச்சின்னு பாக்கலயே, நீங்கதாம்மா மனுஷி" என்றார் வாத்தியார். உச்சி குளிர்ந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் குளிரத்தான் செய்தது.

இருட்டுவதற்குள் தங்கை வந்துவிட்டாள். வாசல்படியிலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சீட்டுக் குலுக்கிப் பாத்தியா?"

"இல்ல."

"அப்ப மருந்துக்கடைப் பக்கத்த எடுத்திருந்தா?"

"தங்கச்சிக்காகப் பண்ணிட்டான்னு ஊரே பேசும்."

"ஊரு வாய அடைக்க எங்க வயித்துல அடிச்சிருக்க. சரி, நான் உன் தங்கச்சி. எனக்கு இது வேணும்னே வெச்சுக்கோ. என் பக்கம் நிக்கிற மத்தவளுங்க உனக்குத் தங்கச்சிகூட இல்லயேக்கா. அவளுங்க என்ன பண்ணாங்க?"

அவள் போன பிறகு அதே படியில் உட்கார்ந்தேன். வழி விட்டாக வேண்டும், அது நிஜம். ஆனால் எந்தப் பக்கம் என்பதை — நான் தெருவைப் பார்த்தா சொன்னேன்? என் பேரைப் பார்த்துத்தானே சொன்னேன்.

ஏப்ரல் 2

தங்கைக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 11

சுவர்ப் பக்கத்து வண்டிகள் இன்று கொட்டகைக்குப் போயின. கூடவே நடந்தேன். யாரும் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

அங்கே குழாய் மட்டும் வந்திருக்கிறது. பஸ்ஸுக்காகப் போக்குவரத்து அலுவலகம் போனேன். "எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா" என்றார் அங்கிருந்தவர். "எழுதுனதெல்லாம் போதும்ப்பா. பஸ்ஸு வர்ற வரைக்கும் நான் இங்கயே உக்காந்துக்கறேன். உனக்கும் பேச்சுத்துணையாச்சு" என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். நாளைக்கும் போவேன்.

மே 6

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பஸ் விட்டுவிட்டார்கள். அந்தப் பெஞ்சுக்கும் என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

மே 15

சந்தைத் தெருவில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ் அவர் கிடந்த இடம் வரை போயிற்று. பிழைத்துக்கொண்டார். மேலே ஜன்னலில் தையல்காரர் நின்று அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

ஜூன் 3

மனசைத் திடப்படுத்திக்கொண்டு கொட்டகைக்குப் பஸ்ஸில் போனேன். வியாபாரம் பாதிகூட இல்லை. ஆனாலும் நாலு பேர் நின்றார்கள். நானும் வரிசையில் நின்றேன்.

என் முறை வந்தது. தங்கை நிமிர்ந்து பார்த்தாள். இளைத்திருக்கிறாள்.

"என்ன வேணும், கவுன்சிலரம்மா?"

கத்தரிக்காய் என்றேன். எடுத்துத் தராசில் நிறுத்தாள். கூடுதலாக இருந்த ஒரு காயை எடுத்துத் திரும்பக் கூடையில் போட்டாள். பையில் கொட்டினாள். அவளிடம் நான் விலை கொடுத்து வாங்கியது இதுதான் முதல் தடவை.

நகர்ந்து நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவள் யாரோ, முன்பின் தெரியாதவள். அவள் பையில் தங்கை ஒரு பிடி பச்சைமிளகாயை அள்ளிப் போட்டாள்.

"இந்தா, கொசுறு. நாளைக்கும் வா, என்ன?"