இல்லாத கீழ்த்தளம்

ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை

வீட்டு வரி விவகாரம் இன்று ஒருவழியாக முடிந்தது. போன வருஷம் வீட்டை அளக்க வந்தவர் "தறி எங்க இருக்குது?" என்று கேட்டாராம். என் வீட்டுக்காரர் நெய்துகொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "கீழ, குழியிலதான்" என்றாராம். அந்தப் புண்ணியவான் எங்களுக்கு ஒரு கீழ்த்தளம் இருப்பதாக எழுதி, வரியை ஏற்றிவிட்டார். ஆட்சேபணை மனுவோடு அலைந்தவள் நான்.

இன்று காலை அதிகாரியே டேப்போடு வந்தார். "கீழ்த்தளத்துக்கு எப்படிமா போறது?"

"செருப்பக் கழட்டிட்டு இறங்குங்க சார்" என்று தறிக்குழியைக் காட்டினேன். வீட்டுக்காரர் எழுந்து இடம் விட்டார். அதிகாரி நிஜமாகவே இறங்கினார். முழங்காலுக்கு மேல் மறையவில்லை.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் சார். கால தொங்கப் போட்டுக்கினு மிதிக்கிற இடம்."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குழியில் நின்றபடியே தாளில் கீழ்த்தளத்தை அடித்துக் கையெழுத்தும் போட்டார். காபி குடித்துவிட்டு வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் கேட்டார்: "வேற எதுனா புதுசா கட்டியிருக்கீங்களா?"

உண்மை விளம்பியான என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். தறியைக்கூட அவர் அப்படி மிதித்திருக்க மாட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் தை மாதம் மொட்டைமாடியில் ஷீட் போட்டுக் கட்டிய இந்த அறையில் உட்கார்ந்து எழுதினால், காற்று என்னமாய் வருகிறது!