மீனுக்கு எட்டுச் சொட்டு

என்னங்க,

அஞ்சு நாளைக்கப்புறம் நேத்துதான் உங்ககிட்ட வாயைத் திறந்தேன், அதுவும் மீனைக் கொன்னது நீங்கதான்னு கத்த.

தப்பு. வால் அழுகுதுன்னு கடைக்காரர் கொடுத்த மருந்து பத்து நாளைக்கு வரணும். அஞ்சே நாள்ல காலி. தினம் காலையில நாலு சொட்டு நான் விட்டேன். சாயங்காலம் நீங்களும் நாலு விட்டிருக்கீங்க. ஒரு வார்த்தை கேட்டுக்காம, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே ரெண்டு பேரும் சேர்ந்து கொன்னுட்டோம்.

சாப்பாடு மேஜையில மூடி இருக்கு. தொட்டியை நான் வந்து கழுவுறேன்.

முக்கியமானதை விட்டுட்டேன்: பாப்பாவுக்குக் காய்ச்சல் மருந்து எட்டு மணிக்கு நான் கொடுத்துட்டேன். அடுத்தது ரெண்டு மணிக்கு, நீங்க. கொடுத்ததும் நேரத்தை இதுலயே எழுதுங்க. ரெண்டேகாலுக்குக் கூப்பிடுவேன். கோபம் அப்படியே இருக்கட்டும், போனை மட்டும் எடுங்க.